இரட்டை விண்மீன்களும் மைக்ரோமீட்டரும்

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே லேத் ஓடும் கூடங்களில் மைக்ரோமீட்டர் இல்லாமல் வேலை நடக்காது. ஒரு தண்டின் விட்டத்தை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை சொல்லும் இந்தத் திருகுக் கருவியின் மூதாதை பிறந்தது பட்டறையில் அல்ல, தொலைநோக்கிக்குள். 1640-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வில்லியம் காஸ்காயின் என்ற ஆங்கிலேயர், திருகைச் சுழற்றினால் நகரும் இரண்டு முனைகளைத் தொலைநோக்கியின் குவியத்தில் பொருத்தி, வானில் தெரியும் சிறு கோணங்களை அளந்தார். கையில் பிடித்து அளக்கும் திருகு அளவிக்குப் பாரிசில் பால்மேர் காப்புரிமை பெற்றது 1848-இல்தான். இடைப்பட்ட இருநூறு ஆண்டுகளில் வானியலாளர்கள் திருகை நம்பவும் சந்தேகிக்கவும் பழகியிருந்தார்கள். தமிழ்நாட்டில் இரட்டை விண்மீன்களை ஆராய்ந்த வரலாறும் அந்தப் பழக்கத்தின் வரலாறுதான். கூரிய பார்வை தொடக்கத்துக்கு உதவியது. அதற்குப் பின் நடந்ததெல்லாம் அளவையாலும், அளவையில் ஒளிந்திருக்கும் பிழையைத் தேடிப் பிடித்ததாலும் நடந்தது.

1689 டிசம்பரில் புதுச்சேரியில் ஒரு வால்மீனைக் கவனித்துக்கொண்டிருந்த இயேசு சபைத் துறவி ழான் ரிஷோ, தென்வானில் ஒளிரும் ஆல்ஃபா சென்டாரி ஒற்றை விண்மீன் அல்ல, இரண்டு என்று கண்டார். பெரிய கண்டுபிடிப்பு. ஆனால் அந்த இரண்டும் ஒன்றையொன்று சுற்றுகின்றனவா, அல்லது ஒன்றுக்குப் பின்னால் வெகு தொலைவில் இன்னொன்று தற்செயலாக நிற்கிறதா என்பதை அவர் குறிப்பு சொல்லவில்லை. வெறும் பார்வையால் சொல்லவும் முடியாது. அருந்ததியையும் வசிட்டரையும் தலைமுறை தலைமுறையாக மணமக்களுக்குக் காட்டிவந்த மரபுக்கும் இதே எல்லை உண்டு. 1767-இல் ஜான் மிச்சல் என்பவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். கார்த்திகைக் கூட்டத்தின் ஒளிமிகுந்த ஆறு மீன்கள் தற்செயலாக அவ்வளவு நெருங்கி அமைவதற்கு ஏறத்தாழ ஐந்து லட்சத்தில் ஒரு வாய்ப்புதான் என்று கண்டு, அவை உண்மையிலேயே ஒரே கூட்டம் என்றார். நெருங்கித் தெரியும் இரட்டைகளில் பெரும்பாலானவையும் ஈர்ப்பால் பிணைந்தவையே என்று அதே கட்டுரையில் வாதிட்டார். விண்மீன் கொத்தும் இரட்டையும் அறிவியலுக்குள் ஒன்றாகவே நுழைந்தன. இரட்டைகள் சுற்றுவதை 1803-இல் வில்லியம் ஹெர்ஷல் நிறுவியதற்கு ஆதாரம், பல ஆண்டு இடைவெளியில் மைக்ரோமீட்டரில் எடுத்த அளவுகள்.

சென்னைக்கு அந்த வேலை வந்தது டபிள்யூ. எஸ். ஜேக்கப் வழியாக. கிழக்கிந்தியக் கம்பெனி 1792-இல் நுங்கம்பாக்கத்தில் கட்டிய வானாய்வகத்துக்கு 1840-களின் இறுதியில் பொறுப்பேற்ற இந்தப் படைப்பிரிவுப் பொறியாளர், அதற்கு முன்பே புனேயில் இரட்டை விண்மீன்களை அளந்து பட்டியலிட்டவர். கருவிக்குள் இரண்டு சிலந்தி இழைகள். ஒன்று நிலையானது, மற்றது திருகால் நகர்வது. ஒவ்வோர் இழையையும் ஒவ்வொரு விண்மீன் மேல் நிறுத்தி, திருகு எத்தனை சுற்று சுற்றியது என்று படிக்க வேண்டும். ஒரு பாகையை 3,600-ஆகப் பிரித்தால் வரும் ஒரு விகலைக்கும் குறைவான வேறுபாடுகளை இப்படிப் பிடிக்கலாம். 1855-இல் ஜேக்கப், 70 ஒஃபியூக்கி என்ற இரட்டையின் பாதை கணக்கிலிருந்து சற்றே விலகுவதைக் கண்டு, கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் அங்கே இருக்கக்கூடும் என்று எழுதினார். சூரியனுக்கு அப்பால் கோள் உண்டு என்று அளவைக் காட்டி வாதிட்ட மிகப் பழைய முயற்சிகளில் அது ஒன்று. கோள் அங்கே இல்லை. 1890-களில் அதே இரட்டைக்கு அமெரிக்கரான சீ முன்வைத்த கோளும், அப்படிப்பட்ட அமைப்பு நிலைத்திருக்காது என்று மௌல்டன் 1899-இல் காட்டியபோது விழுந்தது. விலகல்கள் அளவையின் முறைசார்ந்த பிழைகள்.

அப்படியானால் திருகை நம்பியதுதான் ஜேக்கப்பை ஏமாற்றியது என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் அவர் வெளியிட்டது அபிப்பிராயமாக மட்டும் இருந்திருந்தால் அதை மறுக்க யாராலும் முடிந்திருக்காது. கோணமும் இடைவெளியும் தேதியும் அச்சில் இருந்ததால்தான் பிழை பிடிபட்டது. இன்னொரு மறுப்பு கனமானது: அந்த ஆய்வகம் கப்பல் வழிக்கும் நில அளவைக்கும், அதாவது ஆட்சிக்கு, எழுப்பப்பட்டது, அதில் நமக்கு என்ன பெருமை? நோக்கம் அதுதான், ஐயமில்லை. ஆயினும் அங்கே உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளி விண்மீனைக் கண்டறிந்தார். 1874-இன் வெள்ளி இடைநகர்வைத் தமிழிலும் விளக்கி எழுதினார். கருவியை யார் வாங்கினார்கள் என்பது ஒரு கேள்வி. அதைக் கையாளத் தெரிந்தவர் யார் என்பது வேறொரு கேள்வி.

ரகுநாதாச்சாரியின் தலைவர் நார்மன் போக்சன் 1861 முதல் 1891-இல் இறக்கும் வரை சென்னையில் பணியாற்றினார். அதற்கு முன், 1856-இல், விண்மீன் ஒளிக்கு அவர் ஒரு படிக்கோல் வகுத்திருந்தார்: ஐந்து படி வேறுபட்டால் ஒளி நூறு மடங்கு வேறுபடும். இந்தக் கோல்தான் பிற்காலத்தில் கொத்துகளுக்குள் இரட்டைகளைத் தேட வழிவிட்டது. ஒரு கொத்தின் விண்மீன்கள் ஒரே காலத்தில் பிறந்தவை, நம்மிடமிருந்து ஏறத்தாழ ஒரே தொலைவில் இருப்பவை. நிறத்தையும் ஒளிப்படியையும் வரைபடத்தில் குறித்தால் அவை ஒரு கோட்டில் அமையும். தொலைநோக்கியால் பிரிக்க முடியாத சமமான இரட்டை, நிறம் மாறாமல் ஒளி மட்டும் இருமடங்காகி, அந்தக் கோட்டுக்கு 0.75 படி மேலே நிற்கும். இழையால் பிரிக்க இயலாத இணையை இப்படி ஒளியின் அளவால் பிரிக்கலாம்.

நுங்கம்பாக்கத்தின் பணி 1899-இல் கொடைக்கானலுக்குப் போனது. அந்த மரபில் வந்ததே இன்றைய இந்திய வான் இயற்பியல் நிறுவனம். வானியலாளர் வைணு பாப்பு ஜவ்வாது மலையில் தேர்ந்தெடுத்த காவலூரில் 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கியும், 1986-இல் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் வந்தன. இரண்டாவதன் ஆடி பெங்களூரில் தீட்டப்பட்டது; இயந்திரப் பாகங்களைச் செய்தது மகாராஷ்டிரத்து வால்சந்த்நகர் ஆலை. 2015-இல் ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளில் இதே நிறுவனத்தின் புறஊதாத் தொலைநோக்கி இருந்தது. வளிமண்டலம் தடுத்துவிடும் அந்த ஒளியில், கடக ராசியில் உள்ள எம்67 என்ற நானூறு கோடி ஆண்டு வயதுக் கொத்தை அன்னபூரணி சுப்ரமணியம் உள்ளிட்ட குழு ஆராய்ந்தது. கொத்தின் வயதுக்குப் பொருந்தாமல் நீலமாகவும் பிரகாசமாகவும் நிற்கும் ஒரு விண்மீனுக்கு அருகே, சூரியனின் நிறையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத வெண்குறுமீன் இருப்பதை 2019-இல் அறிவித்தார்கள். தனி விண்மீன் ஒன்று தானாகவே அவ்வளவு இலேசான வெண்குறுமீனாக மாற அண்டத்தின் வயதே போதாது. ஆகவே அது தன் பொருளைத் துணைக்குக் கொடுத்திருக்க வேண்டும். வாங்கிய துணைதான் இளமையாகத் தெரிகிறது. தெரியாத ஒன்றை அளவின் வழியே ஊகித்ததில் ஜேக்கப்புக்கும் இவர்களுக்கும் வேறுபாடில்லை. பிழையின் எல்லையைத் தெரிந்து வைத்திருந்ததில்தான் வேறுபாடு.

இந்த வரலாற்றுக்கும் ஒரகடத்துக்கும் நேர்வழி உறவு கிடையாது என்ற மறுப்பு நியாயமானது. 1990-களில் ஹூண்டாயை இருங்காட்டுக்கோட்டைக்குக் கொண்டுவந்தவை துறைமுகமும் நெடுஞ்சாலையும் அரசின் சலுகையும். நுங்கம்பாக்கத்துச் சிலந்தி இழைகள் அல்ல. ஆனால் எந்த அளவையும் தன் பிழை வரம்போடு சேர்த்தே சொல்லப்பட வேண்டும், கருவியைக் காலமுறைப்படி காலிபரேட் செய்ய வேண்டும், ஒரே தண்டை இருவர் அளந்தால் வரும் வேறுபாட்டைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று தரச்சோதனைக்காரர் இன்று கடைப்பிடிக்கும் விதிகளை வானியலும் தன் தோல்விகளிலிருந்து கற்றது. தொழில்நுட்ப வரலாற்றை ஆலை திறந்த தேதியிலிருந்தும், வானியல் வரலாற்றைக் கண்டுபிடித்த தேதியிலிருந்தும் தொடங்கினால் இந்த ஒழுக்கம் இரண்டிலும் விடுபட்டுப்போகும். ஐடிஐ மாணவருக்கு மைக்ரோமீட்டரைக் கற்பிக்கும் வகுப்பில் 70 ஒஃபியூக்கியின் இல்லாத கோளையும் சொன்னால், டாலரன்ஸ் ஏன் வேண்டும் என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது கடினம்.