கருவேலம் பெயரிழந்த கதை

நம்ம ஊர்க் கருவேல மரம் இப்போது 'அகேசியா' கிடையாது, தெரியுமா?

1754-ல் பிலிப் மில்லர் அமைத்த பேரினம் அது. நைல் கரை முதல் நம்மூர் வரை பரவிய இதே கருவேலம்தான் அதற்கு மாதிரி இனம். பிறகு கண்டம் கண்டமாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களை அதற்குள் திணித்தார்கள். மரபணு ஆய்வில் அவை ஒரே கிளை இல்லை என்று தெரிந்ததும் பிரிக்க வேண்டியதாயிற்று. விதிப்படி பெயர் கருவேலத்தோடு போக வேண்டும். ஆனால் ஆஸ்திரேலியாவில் மட்டும் சுமார் ஆயிரம் இனங்கள். அத்தனைக்கும் பெயர் மாற்றுவதா என்று 2003-ல் முறையிட்டார்கள்.

2005 வியன்னா மாநாட்டில் எதிர்த்து விழுந்த ஓட்டு சுமார் 55 சதவீதம். பரிந்துரையைத் தள்ள 60 வேண்டுமாம்! (கம்பெனிச் சட்டத்தின் சிறப்புத் தீர்மானம் நினைவுக்கு வருகிறது.) 2011 மெல்போர்னிலும் அதுவே உறுதியானது.

நம் மரம் இன்று 'வாச்செல்லியா நிலோட்டிகா'. அந்தப் பேரினத்தை 1834-ல் ஆர்னாட்டோடு சேர்ந்து ஏற்படுத்தியவர், சென்னை மாகாணத்தில் மருத்துவராக இருந்த ராபர்ட் வைட்.