கர்ப்பத்துல பிரஷரைத் தடுக்க விட்டமின் மாத்திரை: 11 வருஷம் நீடிச்ச நம்பிக்கை

"டாக்டர், ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை போட்டா கர்ப்பத்துல பிரஷர் ஏறாதாமே?" இன்னைக்கும் இப்படிக் கேட்கிறவங்க இருக்காங்க. இது யாரோ கிளப்பிவிட்ட வதந்தி இல்லை. ஒரு காலத்துல பெரிய பெரிய மருத்துவர்களே நம்பினது. அந்தக் கதையைச் சொல்றேன், கேளுங்க.

முதல்ல நோய். 20 வாரம் தாண்டின கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் 140/90-ஐ எட்டி, கூடவே சிறுநீர்ல புரதம் போனாலோ, ஈரல், சிறுநீரகம் மாதிரி உறுப்புகள் பாதிச்சாலோ அதுக்குப் பேரு ப்ரீ எக்லாம்ப்சியா. முற்றினா வலிப்பு. தாய், பிள்ளை ரெண்டு உயிருக்கும் ஆபத்து.

ஏன் வருது? கர்ப்பத்தோட ஆரம்பத்துல கர்ப்பப்பையோட ரத்தக்குழாய்கள் நல்லா விரிஞ்சு கொடுக்கணும். சிலருக்கு அது சரியா நடக்காது. நஞ்சுக்கொடிக்கு ரத்தம் சீரா வராம, அங்கே ஃப்ரீ ராடிக்கல்கள் பெருகும். இரும்பைத் துரு அரிக்கிற மாதிரி இவை திசுக்களை அரிக்கும். இதைத்தான் ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்னு சொல்றோம். நஞ்சுக்கொடியில இருந்து கிளம்புற பொருட்கள் தாயோட ரத்தக்குழாய்களின் உள்சுவரைக் கெடுக்குது. உள்சுவர்தான் அடிபடுதுன்னு 1989-ல அமெரிக்காவுல ஜேம்ஸ் ராபர்ட்ஸ் குழு எழுதின கட்டுரை ரொம்பப் பிரபலம். இந்தப் பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க.

அப்புறம் பல ஆய்வகங்கள்ல நோயாளிகளோட ரத்தத்தைச் சோதிச்சாங்க. விட்டமின் சி மாதிரி ஆன்டிஆக்சிடன்ட்கள் குறைவு, அரிப்போட தடயங்கள் அதிகம். குறையுதுன்னா கொடுத்துப் பார்ப்போமே! யாருக்குத்தான் தோணாது?

1999-ல லண்டன்ல கொடுத்துப் பார்த்தாங்க. ஆபத்து அதிகமுள்ள 283 பெண்கள். ஒரு பாதிக்கு தினமும் 1000 மில்லிகிராம் விட்டமின் சி, 400 யூனிட் விட்டமின் ஈ. மறுபாதிக்கு டம்மி மாத்திரை. டம்மி போட்டவங்கள்ல 17% பேருக்கு நோய் வந்தது, விட்டமின் போட்டவங்கள்ல வெறும் 8%. லான்செட் இதழ்ல வந்ததும் ஒரே பரபரப்பு. ஆனா ஒண்ணு கவனிங்க: அந்த ஆய்வு முக்கியமா ரத்தத்துல சில அளவுகளைப் பார்க்கத்தான் திட்டமிடப்பட்டது. நோயைத் தடுக்குமான்னு அடிச்சுச் சொல்ல 283 பேர் போதாது.

இதை முதல்ல உணர்ந்தது அந்த லண்டன் குழுவேதான். அவங்களே 2,400 பெண்களை வெச்சு மறுபடி செஞ்சாங்க. 2006-ல முடிவு: விட்டமின் எடுத்தவங்களுக்கு 15%, எடுக்காதவங்களுக்கு 16%. வித்தியாசமே இல்லை. அதைவிட மோசம், விட்டமின் எடுத்த தாய்மார்களுக்கு எடை குறைவான குழந்தைகள் அதிகமா பிறந்தது (28%, மற்றவங்களுக்கு 24%). அதே வருஷம் ஆஸ்திரேலியாவுல 1,877 பேர்கிட்ட நடந்த ஆய்வும் பலனில்லைன்னு சொல்லிருச்சு.

"பணக்கார நாட்டுப் பெண்கள் நல்லா சாப்பிடுறாங்க, அதனால தெரியலை"ன்னு ஒரு வாதம் வந்தது. நியாயமான வாதம்தான். உலக சுகாதார நிறுவனம் இந்தியா, பெரு, தென்னாப்பிரிக்கா, வியட்நாம்ல 1,365 பெண்களை வெச்சுப் பார்த்தது. 2009-ல அங்கேயும் கைவிரிப்பு.

கடைசியா 2010-ல அமெரிக்காவுல 10,154 பெண்கள். பலன் இல்லை. அந்த ஆய்வுக்குத் தலைமை தாங்கினது யார் தெரியுமா? அதே ஜேம்ஸ் ராபர்ட்ஸ். தன் கொள்கையில இருந்து முளைச்ச சிகிச்சையைத் தானே சோதிச்சு, பலிக்கலைன்னு தானே எழுதினார். எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

அப்போ கொள்கை தப்பா? ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் இருக்கிறது நிஜம். ஈர விறகு புகையுது, விசிறியால புகையை விரட்டினா விறகு காயுமா? கோளாறு ஆரம்பத்துல ரத்தக்குழாய் விரியாததுல இருக்கு. விட்டமின் குறைஞ்சது அதோட விளைவா இருக்கலாம்னுதான் நான் நினைக்கிறேன்.

2011-ல உலக சுகாதார நிறுவனம் இதைத் தடுக்க சி, ஈ மாத்திரை வேண்டாம்னு பரிந்துரைச்சது. நெல்லிக்காய், கொய்யா தாராளமா சாப்பிடுங்க, பேச்சு அதைப் பத்தி இல்லை, அதிக டோஸ் மாத்திரையைப் பத்தி. ஏற்கெனவே இந்த நோய் வந்தவங்க, நாள்பட்ட பிரஷர், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவங்க, இரட்டைப் பிள்ளை சுமக்கிறவங்க எல்லாம் குறைந்த டோஸ் ஆஸ்பிரின் பத்தி 12-வது வாரத்துலயே உங்க டாக்டர்கிட்ட கேளுங்க. நீங்களா வாங்கிப் போடாதீங்க. உணவுல கால்சியம் குறைவான இடங்கள்ல கால்சியம் மாத்திரையும் பலன் தருது.

விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, திடீர்னு முகம், கை வீக்கம் இருந்தா அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்காதீங்க. அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் பிரஷர் பார்த்துடுங்க.