தேய்மானம் இல்லாத நாற்காலி

1960, செப்டம்பர் 26. சிகாகோவில் ஒரு டி.வி. ஸ்டூடியோ. கென்னடியும் நிக்ஸனும் மோதப்போகிறார்கள். அமெரிக்க ஜனாதிபதி வேட்பாளர்கள் இருவர் டி.வி.யில் நேருக்கு நேர் விவாதம் செய்தது அதுதான் முதல் தடவை. சுமார் 7 கோடிப் பேர் பார்த்தார்கள். நிக்ஸனுக்கு முகமெல்லாம் வியர்வை, கென்னடி புது மாப்பிள்ளை மாதிரி ஜம்மென்று இருந்தார், தேர்தலிலும் ஜெயித்தார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை.

அவர்கள் இருவரையும் விடுங்கள். தங்கள் முறை வரும்வரை எதில் உட்கார்ந்திருந்தார்கள், கவனித்திருக்கிறீர்களா?

மர நாற்காலி. வட்டமான முதுகு. அந்த முதுகே அப்படியே முன்னால் வளைந்து வந்து கை வைக்கும் இடமாகிவிடுகிறது. நான்கு கால்கள். சிங்க முகம், பூ வேலைப்பாடு எதுவும் கிடையாது. உருவாக்கியவர் 'வட்ட நாற்காலி' என்றார். அமெரிக்கர்கள் 'தி சேர்' என்றார்கள். நாற்காலி என்றால் இதுதான், மற்றதெல்லாம் சும்மா என்று அர்த்தம்!

அவர் பெயர் ஹான்ஸ் வெக்னர். டென்மார்க்காரர். சரியாகச் சொன்னால், பிறக்கும்போது டென்மார்க்காரர் இல்லை. 1914ல் அவர் பிறந்த டொண்டர் என்கிற சின்ன ஊர் அப்போது ஜெர்மனியிடம் இருந்தது. 1864 யுத்தத்தில் டென்மார்க் பறிகொடுத்த பகுதி அது. 1920ல் வாக்கெடுப்பு நடத்தி அந்த வட்டாரம் டென்மார்க்கோடு சேர்ந்தபோது பையனுக்கு ஆறு வயது.

அப்பா செருப்புத் தைப்பவர். பிள்ளை, ஸ்டால்பர்க் என்ற தச்சரிடம் வேலை பழகப் போனான். 17 வயதில் முழுத் தச்சன். பிறகுதான் கோபன்ஹேகன், கைவினைக் கல்லூரி, டிசைன் எல்லாம். இந்த வரிசை முக்கியம். பென்சில் பிடிப்பதற்கு முன்னால் உளி பிடித்த கை அது.

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். பி.காம். படித்த எனக்கு ஃபர்னிச்சர் என்றால் தெரிந்தது ஒன்றுதான். வருஷத்துக்குப் பத்து சதவீதம் தேய்மானம். இந்த மனுஷனைப் பற்றிப் படித்த பிறகுதான் வீட்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, எதை எதோடு எப்படிச் சேர்த்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். ஆணி. அதை மறைக்க மக்கு. அதன்மேல் பாலிஷ்.

வெக்னரின் கதையே அந்த மறைக்கிற இடத்தில்தான் இருக்கிறது.

1949ல் யொஹான்னஸ் ஹான்சன் என்ற தச்சரின் பட்டறையில் வட்ட நாற்காலி தயாரானது. முதுகும் கைகளும் ஒரே வளைவாகத் தெரிந்தாலும் உண்மையில் மூன்று துண்டுகள். சேருகிற இடம் கண்ணில் படக்கூடாது என்று முதுகில் பிரம்பைச் சுற்றி மறைத்தார் வெக்னர். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவருக்கு உறுத்தியது. அடுத்த வருஷமே பிரம்பை எடுத்துவிட்டார். இரண்டு கை விரல்களையும் கோத்துக்கொள்கிறோமே, அந்த மாதிரி ஒரு மரத்தின் பற்கள் இன்னொரு மரத்தின் இடுக்கில் போய் உட்காருகிற இணைப்பு. நெளிநெளியாக வெளியே தெரியும். தெரியட்டும் என்று விட்டுவிட்டார். இன்றைக்கு அந்த நாற்காலியின் அழகே அந்த நெளிதான் என்கிறார்கள்.

இன்னொன்று, சின்ன வேலை. அவருடைய நெருங்கிய நண்பர் போர்கே மோகன்சன், டென்மார்க் கூட்டுறவுச் சங்கத்தின் ஃபர்னிச்சர் பிரிவுக்குத் தலைவர். சாமானியனுக்கும் கட்டுப்படியாகிற விலையில் நல்ல நாற்காலி என்பது அவர் லட்சியம். 1944ல், யுத்த காலத்தில், மோகன்சனின் குழந்தை பீட்டருக்கு வெக்னர் ஒரு குட்டி நாற்காலி செய்து கொடுத்தார். நான்கே துண்டு. ஆணி, ஸ்குரூ, பசை எதுவும் வேண்டாம். ஒன்றில் ஒன்றைச் சொருகினால் தீர்ந்தது.

1953ல் செய்த நாற்காலி இன்னும் வேடிக்கை. நம் வீடுகளில் அழுக்குத் துணி எங்கே கிடக்கும்? நாற்காலி மேல். வெக்னர் யோசித்தார், அதற்கென்றே ஒன்று செய்தால் என்ன? முதுகு கோட் மாட்டுகிற ஹேங்கர். இருக்கையைத் தூக்கி நிறுத்தினால் பேன்ட்டைத் தொங்கவிடலாம். அடியில் சில்லறைச் சாமான்கள் போட ஒரு பெட்டி. டென்மார்க் ராஜா ஒன்பதாம் ஃபிரடெரிக் தனக்கும் வேண்டும் என்றார். ஆனால் வெக்னருக்குத் திருப்தியில்லை. நான்கு கால் அதிகம் என்று மூன்றாகக் குறைத்தார்.

மொத்தம் 500க்கு மேல் நாற்காலிகள் வரைந்தார். அதிகம் விற்பது கார்ல் ஹான்சன் கம்பெனியின் 'ஒய்' நாற்காலி. முதுகில் ஆங்கில ஒய் எழுத்து மாதிரி ஒரு கட்டை. 1950லிருந்து இன்றுவரை தயாரிப்பு நிற்கவில்லை. உட்காருமிடம் முறுக்கிய காகிதக் கயிறு, சுமார் 120 மீட்டர், கையால் பின்னுவது. சீனத்தின் பழைய மிங் காலத்து நாற்காலிகளைப் பார்த்து வெக்னர் செய்த வரிசையில் கடைசியாக வந்தவற்றில் ஒன்று இது. இப்போது அதன் மலிவுக் காப்பிகள் சீனாவிலிருந்து உலகமெல்லாம் போகின்றன! ஜப்பானில் விவகாரம் கோர்ட்டுக்கே போனது. பெயரோ முத்திரையோ தேவையில்லை, அந்த வடிவமே ஒரு டிரேட் மார்க்தான் என்று 2011ல் தீர்ப்பு வந்தது.

அசல் 'ஒய்' இன்று நம் பணத்தில் 50,000 ரூபாய்க்குக் குறையாது. ஹான்சன் பட்டறை முத்திரையுள்ள பழைய வட்ட நாற்காலிகள் ஏலத்துக்கு வந்தால் புதிதாக விற்ற விலையெல்லாம் எங்கேயோ கீழே கிடக்கும். என் தேய்மானக் கணக்கு இங்கே செல்லாது. ஆனால் மோகன்சனின் சாமானியன்? அவன் காப்பியில்தான் உட்காருகிறான். இதற்காக வெக்னரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஒரு கைவேலைக்காரனின் ஒரு மணி நேரத்துக்கு டென்மார்க்கில் மரியாதையான கூலி உண்டு, அது விலையில் தெரியத்தானே செய்யும்? ஆனாலும் அந்தக் கூட்டுறவுக் கனவு பாதியில் நின்றுபோனது நிஜம்.

நல்ல நாற்காலி செய்வது முடிகிற வேலையே இல்லை என்பது வெக்னரின் கட்சி. 2007 ஜனவரி 26 அன்று, 92 வயதில் இறந்தார். டொண்டரில் பழைய தண்ணீர் டேங்க் கோபுரம் ஒன்று இருக்கிறது. 1995லிருந்து அது மியூசியம். உள்ளே, சொந்த ஊருக்கு அவர் கொடுத்த 37 நாற்காலிகள்.