நியாயசாஸ்திரி சொல்லாத பெயர்

இயேசுவின் பின்னே போனவர்களைப் புரட்டஸ்தாந்தரின் பழைய வேதாகமம் ‘சீஷர்’ என்கிறது. கத்தோலிக்கர் ‘சீடர்’ என்பார்கள். கல்முனைப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு சொல்லும் புழங்குகிறது: ஈசா நபியின் தோழர்களை மௌலவிமார் ‘ஹவாரிய்யூன்’ என்பார்கள், குர்ஆனில் உள்ள சொல் அது. சுவிசேஷங்களின் கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல்லுக்கோ ‘கற்பவன்’ என்றுதான் நேர்ப்பொருள். எபிரேயத்தில் அதற்கு ‘தல்மீத்’. அரபியில் மாணவனைக் குறிக்கும் ‘தில்மீத்’ அதன் உறவுச் சொல். ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் ஏறியதோடு காரியம் முடிந்தது என்றிருக்கும் நமக்கு, படிப்பு முடியாத பிள்ளை என்ற இந்தப் பொருள் கொஞ்சம் சங்கடம்தான்.

கிழக்கிலங்கையில் மெதடிஸ்த ஊழியமும் பள்ளிக்கூடத்தோடுதான் ஆரம்பித்தது. 1814இல் மட்டக்களப்புக்கு வந்த வில்லியம் ஓல்ட் கப்பலிலேயே மனைவியைப் பறிகொடுத்தவர். அடுத்த ஏப்ரலில் அவரும் போய்விட்டார். ஒரு வருடம்கூட நிறையவில்லை; மிஞ்சியவை அவர் தொடங்கிய பள்ளிக்கூடங்கள். பின்னாளில் கல்முனை மெதடிஸ்த பள்ளியில் படித்த பிள்ளைகளில் ஒருவர் காரைதீவு மயில்வாகனம். அவர் கிறிஸ்தவராகவில்லை, 1924இல் துறவு பூண்டு சுவாமி விபுலாநந்தரானார். மிஷன் கணக்குப் புத்தகத்தில் இதை நட்டம் என்று எழுதியிருப்பார்கள். ஆனால் மலைப்பிரசங்கத்தைத் திரும்ப வாசித்துப் பாருங்கள்: அங்கே ஆள் எண்ணுகிற பேச்சே இல்லை. உப்பைப் பற்றியும் விளக்கைப் பற்றியும்தான் இருக்கிறது. கறியில் கரைந்த உப்பைத் திரும்பப் பிரித்தெடுத்து எண்ணுகிறவர் யார்?

அந்தப் பிரசங்கத்தின் கடினமான பாடம் பகைவனை நேசிப்பது. அதற்கு உரையாகக் கொள்ளத்தக்க கதை லூக்கா பத்தாம் அதிகாரத்தில் வரும் நல்ல சமாரியன். ஓய்வுநாள் பள்ளியில் பல தடவை நடித்துக் காட்டிய கதை என்பதால் அதன் முள் மழுங்கிவிட்டது. சமாரியர் யார்? மோசேயின் ஐந்து ஆகமங்களும் அவர்களுக்கும் வேதம்தான். ஆபிரகாம் அவர்களுக்கும் தகப்பன்தான். ஆனால் யூதர் எருசலேமை நோக்கித் தொழ, அவர்கள் கெரிசீம் மலையை நோக்கித் தொழுதார்கள். ஆபிரகாமும் மோசேயும் பொது, தொழும் திசை வேறு. கல்முனையில் பிறந்தவனுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுமா?

இரத்தமும் இருந்தது. கிறிஸ்துவுக்கு முந்திய இரண்டாம் நூற்றாண்டின் இறுதி வாக்கில் யூத ஆட்சியாளன் யோவான் இர்க்கான் கெரிசீம் ஆலயத்தை இடித்தான். இயேசு சிறுபிள்ளையாயிருந்த காலத்தில், பஸ்கா நாளில் சமாரியர் சிலர் எருசலேம் ஆலயத்துக்குள் மனித எலும்புகளை வீசித் தீட்டுப்படுத்தினார்கள் என்று ஜோசீபஸ் எழுதுகிறார். இரு பக்கமும் தொழுமிடத்திலேயே கைவைத்தது. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சில நாட்களில் நமது அம்பாறை மாவட்டத்து வீரமுனையில், கோயிலில் தஞ்சம் புகுந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். இந்த நினைவோடுதான் இக்கரையில் லூக்காவைத் திறக்க வேண்டியிருக்கிறது.

கதையில் நாம் பொதுவாகக் கவனிக்காத ஒன்று, இயேசு நம்மை நிறுத்துகிற இடம். ஏழைக்கு உதவு என்பதுதான் பாடமென்றால், யூதன் ஒருவன் சமாரியனைத் தூக்கியதாகக் கதை சொல்லியிருக்கலாம். அவர் அப்படிச் சொல்லவில்லை. கேட்கிறவனை அடிபட்டுக் கிடப்பவனின் இடத்தில் போட்டுவிட்டு, தூக்கிவிட வரும் கையைச் சமாரியனின் கையாக்குகிறார். உதவி செய்வது சுலபம். அதில் நாம் மேலே நிற்கிறோம். அயலானின் கையால் உயிர் பிழைப்பதற்குத்தான் தாழ்மை வேண்டும்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஓய்வுநாள் பள்ளி முடிந்திருந்த பிள்ளைகளும் மாண்டார்கள். அதன் பிறகு கிழக்கில் கிறிஸ்தவர்கள் முஸ்லிம் முகங்களைப் பார்த்த பார்வையை நான் மறைக்கப் போவதில்லை. என் கண்ணிலும் அது இருந்தது. ஐந்தாம் நாள், 26ஆம் திகதி, கல்முனைக்கு ஒட்டிய சாய்ந்தமருதில் ஒரு வாடகை வீடு சுற்றிவளைக்கப்பட்டது. உள்ளே இருந்தவர்கள் அந்தத் தாக்குதலின் சூத்திரதாரியுடைய குடும்பத்தாரும் கூட்டாளிகளும். குண்டுகளை வெடிக்கவைத்து, அவர்களில் பெரும்பாலோர் தங்கள் குழந்தைகளோடு மாண்டார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் மேல் ஐயம் கொண்டு முதலில் தகவல் கொடுத்தவர்கள் அவ்வூர் முஸ்லிம்களே. வெடிமருந்து இருந்த வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு செய்த காரியம் அது. அவர்கள் வாய்மூடி இருந்திருந்தால் அடுத்து எந்த ஆலயம், எந்த ஊர் என்று யாருக்குத் தெரியும்?

அந்த வருடம் நானும் நல்ல சமாரியனைப் பற்றிப் பிரசங்கித்தேன். மன்னிப்பு, பொறுமை, ஜெபம் என்று எல்லாம் பேசினேன். சாய்ந்தமருது என்ற பெயர் மட்டும் என் வாயில் வரவில்லை.

லூக்காவில் ஓர் இடம் உண்டு. சமாரியன் கதை முடிந்ததும் இயேசு, அதைச் சொல்லவைத்த நியாயசாஸ்திரியைக் கேட்கிறார்: அவ்வழியே வந்த மூவரில் அடிபட்டவனுக்குப் பிறனானவன் யார்? விடை ஒரே சொல். அந்த மனிதன் அதைச் சொல்லாமல், இரக்கம் காட்டியவன் என்று சுற்றி வளைக்கிறான். ‘சமாரியன்’ என்பது அவன் நாவில் ஏறவில்லை.