கொடைக்கானல் குளிரில் கார் ஷெட் ஷட்டர் திறக்க மாட்டேங்குதா? முதல்ல எதைப் பார்க்கணும், எதைத் தொடவே கூடாது?

ராத்திரி வீட்டில் ஒருத்தருக்கு உடம்பு சரியில்லை. கார் உள்ளேதான் நிற்கிறது. ஆனால் ஷட்டர் ஒரு அடி ஏறி நின்றுவிட்டது, இல்லையென்றால் அசையவே இல்லை. நாயுடுபுரத்திலோ வில்பட்டியிலோ வீடு வைத்திருப்பவர்களுக்கு இப்படி ஒரு ராத்திரி வந்தால், மெக்கானிக் வருவதற்குள் விடிந்துவிடும். அண்ணா சாலையில் கடை வைத்திருப்பவருக்கும் சீசன் நேரத்தில் இதே கதைதான். ஷட்டர் மக்கர் செய்தால் அந்தக் காலை வியாபாரம் போச்சு.

ஆள் உயிருக்கு ஆபத்து என்றால் ஷட்டரோடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம். 108-ஐ அழைத்துவிட்டு, பிறகு ஷட்டரைப் பார்க்கலாம்.

மலையில் மட்டும் ஏன் இவ்வளவு தொல்லை?

கொடைக்கானல் ஊர் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழையும் கொஞ்சம் கிடைக்கும், அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை வெளுத்து வாங்கும். மழை இல்லாத நாளிலும் மேகம் இறங்கி வாசலிலேயே நிற்கும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி. அதனால் இரும்புத் தகடு முழுசாகக் காய்வதற்கு நேரமே கிடைப்பதில்லை.

ஷட்டரில் முதலில் துருப்பிடிப்பது நாம் பார்க்கும் முகப்பு இல்லை. இரண்டு பக்கமும் ஷட்டர் ஓடுகிற சேனலின் அடிப்பகுதிதான். மழைத் தண்ணீர், செம்மண், பைன் மரத்து ஊசி இலை எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். நாலு மழைக்கு அது கெட்டிப்பட்டு, ஷட்டரின் கீழ்ப்பட்டையைப் பிடித்துக்கொள்ளும். "மோட்டார் போயிடுச்சு" என்று நினைத்து ஆளைக் கூப்பிடுகிற பல இடங்களில் உண்மையான கோளாறு இந்தக் கைப்பிடி மண்தான்.

அதனால் முதல் வேலை டார்ச் அடித்து இரண்டு சேனலின் அடியையும் பார்ப்பது. ஒரு ஸ்க்ரூ டிரைவரால் குப்பையைச் சுரண்டி எடுங்கள். அப்படியே பக்கவாட்டுப் பூட்டுகளையும் பாருங்கள். பெரும்பாலான ஷட்டர்களுக்கு இரண்டு பக்கமும் தனித்தனித் தாழ்ப்பாள் உண்டு. ஒன்றைத் திறந்துவிட்டு இன்னொன்றை மறந்து மோட்டாரை ஓட்டினால் தகடு வளைந்துவிடும். அப்புறம் மண்ணை எடுத்தும் பிரயோஜனம் இல்லை.

பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா?

கீழே வத்தலக்குண்டில் விடலாம். மேலே வேண்டாம். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். கொடைக்கானலில் வருஷத்தின் பெரும்பாலான ராத்திரிகளில் குளிர் அதற்கும் கீழேதான். சாவித் துவாரத்தில் விட்ட எண்ணெய் காலையில் மெழுகு மாதிரி அடைத்துக்கொண்டு நிற்கும். கெட்டியான கிரீஸும் இப்படித்தான். குளிரில் இறுகும், போதாததற்கு மண்ணையும் ஒட்டவைக்கும்.

பூட்டுக்கு பென்சில் ஊக்கைச் சுரண்டிய தூளே போதும். அதில் இருப்பது கிராஃபைட். சேனலுக்கு சிலிக்கான் ஸ்பிரே நல்லது. டபிள்யூடி-40 துருவை இளக்கும், ஈரத்தை விரட்டும். ஆனால் அதை மட்டும் அடித்துவிட்டு மாதக்கணக்கில் தாங்கும் என்று விட்டுவிடக் கூடாது. பனியில் இறுகிய பூட்டில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றுவதும் வேண்டாம். அந்த நேரத்துக்குத் திறக்கும், உள்ளே தங்குகிற ஈரம் மறுநாள் ராத்திரி மறுபடி உறையும்.

கையால் தூக்குகிற ஷட்டர் திடீரென்று கனத்துவிட்டால்?

இங்கேதான் நிதானம் தேவை.

1.25 மி.மீ. தகட்டில் செய்த 8 அடிக்கு 8 அடி ஷட்டர் 60 கிலோவைத் தாண்டும். அதை ஒரே ஆள் தூக்க முடிகிறது என்றால், மேலே இருக்கும் குழாய்க்குள் முறுக்கி வைத்த ஸ்பிரிங்தான் காரணம். ஷட்டரை இறக்கும்போது ஸ்பிரிங் முறுக்கேறும், தூக்கும்போது அந்த விசை நமக்குக் கைகொடுக்கும். நேற்று வரை லேசாக இருந்த ஷட்டர் இன்று கனக்கிறது, அல்லது ஒரு பக்கம் மட்டும் ஏறிக் கோணலாக நிற்கிறது என்றால் ஸ்பிரிங் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அப்போது நாலு பேராகச் சேர்ந்து "ஏலேலோ" போட்டுத் தூக்குவது நம்ம ஊர் வழக்கம். தூக்கிவிடலாம், மேலே நிற்காது. கையை விட்டதும் மொத்த எடையும் இறங்கும். உள்ளே போக வேறு வழியே இல்லை என்றால், தூக்கியவர்கள் கையை எடுப்பதற்கு முன் இரண்டு பக்கமும் கனமான கட்டை முட்டுக்கொடுக்க வேண்டும். குழந்தைகளைப் பக்கத்திலேயே விடக் கூடாது. மேலே உள்ள பெட்டியைத் திறந்து ஸ்பிரிங்கின் போல்ட்டைக் கழற்றுவது மட்டும் எந்த அவசரத்திலும் வேண்டாம். முறுக்கு ஒரே வீச்சில் விடுபட்டால் கையில் இருக்கிற ஸ்பேனர் முகத்துக்கு வரும். எந்த யூடியூப் வீடியோவைப் பார்த்தும் செய்கிற வேலை இல்லை இது.

மோட்டார் ஷட்டர் என்றால்

சுவரில் இருக்கிற சுவிட்சை அழுத்திப் பாருங்கள். அதில் ஏறுகிறது, ரிமோட்டில் ஏறவில்லை என்றால் கோளாறு ரிமோட்டில். குளிரில் பழைய பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும். புது பேட்டரி போட்டாலே பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும்.

இரண்டிலும் அசைவில்லை என்றால் எம்சிபி விழுந்திருக்கிறதா, கரண்ட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மோட்டார் "உர்ர்" என்று உறுமுகிறது, ஆனால் சுற்றவில்லை என்றால் மூன்றில் ஒன்று. ஷட்டர் எங்கோ சிக்கியிருக்கிறது, வோல்டேஜ் 230-ல் இருந்து ரொம்ப இறங்கியிருக்கிறது, அல்லது மோட்டாரின் கெப்பாசிட்டர் போய்விட்டது. மூன்றிலுமே சுவிட்சைத் திரும்பத் திரும்ப அழுத்துவதுதான் பெரிய தப்பு. சூடானால் தானாக நின்றுவிடுகிற பாதுகாப்பு இந்த மோட்டார்களில் உண்டு. அது வேலை செய்துவிட்டால் அரை மணி நேரம் ஆறவிடுவதைத் தவிர வழியில்லை. கெப்பாசிட்டரை நீங்களே கழற்ற வேண்டாம். மெயினை அணைத்த பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும்.

மேல்நோக்கி மடங்குகிற நவீன கார் ஷெட் கதவுகளில் தரைக்குப் பக்கத்தில் இரண்டு கண்ணாடிக் கண் சென்சார் இருக்கும். பனி படிந்தாலும் சிலந்தி கூடு கட்டினாலும் அது குழம்பும். ஆனால் அப்போது கதவு மூடத்தான் மறுக்கும். திறக்காததற்கு சென்சாரைக் குறை சொல்ல முடியாது.

கரண்ட் வரவே இல்லை என்றால்?

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த கஜா புயல், உள்மாவட்டங்கள் வழியாக நகர்ந்தபோது கொடைக்கானல் மலையிலும் மரங்களைச் சாய்த்தது. மின்சாரமும் நின்றுபோனது. மலையில் மோட்டார் ஷட்டர் மட்டுமே நம்பி இருப்பவர்கள் அந்த மாதிரி நாளை நினைத்துப் பார்க்க வேண்டும். மின்தடைப் புகாருக்கு மின்னகம் எண் 94987 94987 இருக்கிறது. ஆனால் மரம் விழுந்த பாதையில் லைன்மேன் வந்து சேர நேரமாகும்.

அதற்காகத்தான் ரோலிங் ஷட்டர் மோட்டாரோடு கைச் சங்கிலி தருகிறார்கள். முதலில் மெயினை அணைத்துவிட்டு, பிறகு சங்கிலியை மெதுவாக இழுத்து ஏற்றலாம். மடங்கும் கதவில் சிவப்புக் கயிறு தொங்கும். கதவு முழுக்கக் கீழே இருக்கும்போது மட்டும்தான் அதை இழுக்கணும். பாதியில் நிற்கிற கதவில் இழுத்தால், ஸ்பிரிங் அறுந்திருக்கும் பட்சத்தில் கதவு அப்படியே தலையில் இறங்கும். சங்கிலி, கயிறு இரண்டும் உள்பக்கம்தான் இருக்கும். ஷெட்டுக்கு வேறு வாசல் இல்லாத வீடுகளில் வெளியே இருந்து இயக்குகிற சாவி முறையைக் கேட்டு வாங்குவது நல்லது.

இன்னொன்று. ஷட்டர் திறக்கும் வரை குளிருக்கு இஞ்சினை ஓடவிட்டு உள்ளே உட்காரக் கூடாது. மூடிய ஷெட்டில் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனையே இருக்காது, மயக்கம் வரும் வரை தெரியாது. உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால் 112 அல்லது தீயணைப்பு நிலைய எண் 101.

பழைய பங்களாவின் மரக் கதவு

ஏரியைச் சுற்றி உள்ள பழைய வீடுகளில் ஷெட்டுக்கு இன்னும் மரக் கதவுதான். ஐப்பசி மழையில் பலகை ஈரத்தைக் குடித்து அகலவாக்கில் உப்பும், நிலையில் இறுகிக்கொள்ளும். உடனே ஆசாரியைக் கூப்பிட்டு இழைக்கச் சொல்லாதீர்கள். மாசி, பங்குனி வெயிலில் அதே பலகை சுருங்கி, பூனை நுழைகிற அளவுக்கு இடைவெளி விழும். இப்போதைக்கு விளிம்பில் மெழுகு தேய்த்துச் சமாளித்துவிட்டு, காய்ந்த பிறகு எவ்வளவு உரசுகிறது என்று பார்த்து இழைப்பதே சரி. பலகையின் மேல், கீழ் விளிம்புகளுக்கும் பெயின்ட் அடிக்க வேண்டும். ஈரம் ஏறுவது அந்த வழியாகத்தான், பலரும் விட்டுவிடுவதும் அதைத்தான்.

மெக்கானிக்கைக் கூப்பிடும்போது

வத்தலக்குண்டில் இருந்தோ திண்டுக்கல்லில் இருந்தோ ஆள் மலையேறி வர வேண்டியிருந்தால், போனில் "ஷட்டர் ஓடலை" என்று மட்டும் சொல்லி வைக்காதீர்கள். அகலம், உயரம், மோட்டாரின் மேல் ஒட்டியிருக்கும் லேபிள், கோணலாக நிற்கிற பக்கம் எல்லாவற்றையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். உறுமுகிற சத்தத்தையும் ஒரு வீடியோவாக எடுங்கள். சரியான ஸ்பிரிங்கோ கெப்பாசிட்டரோ கையோடு வந்தால் அன்றைக்கே வேலை முடியும். இல்லையென்றால் அவர் பார்த்துவிட்டு இறங்கி, சாமான் வாங்கி, மறுபடி மலையேற வேண்டும். ரெண்டு தடவை போய்வந்த கூலியும் உங்கள் பில்லில்தான்.