ஒழுகும் ஞானஸ்நானப் பதிவேடும்

காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள கூரத்தில் பெருஞ்செல்வராக இருந்து, அத்தனையையும் விட்டுவிட்டு மனைவி ஆண்டாளோடு திருவரங்கம் வந்து குடியேறியவர் கூரத்தாழ்வான். இராமானுசரின் சீடர். வந்த ஊரில் உஞ்சவிருத்தி எடுத்து வாழ்ந்தார் என்கிறது வைணவ ஆசாரியர் வரலாறான குருபரம்பரை. அவர் மகன் பராசர பட்டரின் வம்சத்தார் ஏறத்தாழ 900 ஆண்டுகள் கழித்தும் அதே ஊரில் இருக்கிறார்கள்.

இந்தத் தொடர்ச்சியைக் காத்தது கோயில் மரியாதை. கைசிக ஏகாதசியன்று திருவரங்கக் கோயிலின் உற்சவர் நம்பெருமாள் முன் கைசிக புராணம் வாசிப்பது பட்டர் வம்சத்தாரின் உரிமை. யார் வாசிப்பது, யாருக்கு முதலில் தீர்த்தம், யாருக்குப் பரிவட்டம் என்பதெல்லாம் ஊரே பார்க்க நடக்கின்றன. ஆகவே, யார் யாருடைய பேரன் என்பது மறந்துபோக வழியில்லை. இராமானுசரின் இன்னொரு சீடரான முதலியாண்டான் வழிவந்த கந்தாடையாரும் உத்தமநம்பி குடும்பத்தாரும் இப்படித்தான் நினைவில் நின்றார்கள்.

திருவரங்கக் கோயிலின் வரலாற்றுத் தொகுப்பான கோயிலொழுகு இவற்றை எழுத்தில் வைத்தது. ஆனால் அதை ஆண்டுக்கணக்குக்காக நம்பிப் படிக்கக் கூடாது. பல கைகள் எழுதிச் சேர்த்த நூல். காலங்கள் முன்பின்னாகக் கலந்து கிடக்கும். டெல்லி சுல்தானியப் படையெடுப்பில் ஊரைவிட்டுப் போன நம்பெருமாள் திரும்பிவந்ததைச் சக ஆண்டு 1293, அதாவது கி.பி. 1371 என்று உறுதியாகச் சொல்ல முடிவது கோயில் கல்வெட்டால்தான். ஒழுகோடு கல்வெட்டையும் வைத்துப் பார்ப்பவருக்கே தடம் பிடிபடும்.

காவிரிப் பாலம் தாண்டித் திருச்சிக்கு வந்தால் முன்னோரைத் தேடும் முறையே மாறிவிடுகிறது. தெப்பக்குளத்தருகே சுவார்ட்ஸ் பாதிரியார் 1766இல் எழுப்பிய கிறிஸ்து ஆலயம், கண்டோன்மென்டில் பிஷப் ஹீபர் 1826இல் அடக்கமான புனித யோவான் ஆலயம். இவற்றில் கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்து வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கும், பின்னர் ரயில்வேக்கு வந்த குடும்பங்களுக்கும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றும் பதிவாயின. அவற்றின் நகல்கள் சென்னை வழியாக லண்டனுக்குப் போயின. இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. கல்லறை வாசகங்களை ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் தொகுத்து 1905இல் நூலாக்கினார். திருச்சியின் ரயில்வே குடியிருப்பான பொன்மலையில் வாழ்ந்து, 1947க்குப் பின் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போன ஆங்கிலோ-இந்தியர்களின் பேரப்பிள்ளைகள் இவற்றில்தான் தேடுகிறார்கள்.

மேஃபிளவர் கப்பலில் 1620இல் போய் இறங்கியவர்களின் வாரிசு என்று அமெரிக்காவில் உரிமை கோருபவர், ஒவ்வொரு தலைமுறைக்கும் சான்று காட்டினால்தான் வாரிசுகளின் சங்கம் ஏற்கும். கண்டோன்மென்ட் பதிவேடு அந்தச் சோதனையில் நிற்கும். நாள், பெயர், தகப்பன் தொழில் எல்லாம் உண்டு. ஆனால் பட்டாளம் இடம்மாறியதும் சங்கிலி அறுந்துவிடுகிறது. அடுத்த பிள்ளையின் ஞானஸ்நானம் பெங்களூரிலோ வேலூரிலோ இருக்கும். திருவரங்கத்தில் சங்கிலி அறாது; அதன் கண்ணிகளுக்குத்தான் தேதி இல்லை. மகனில்லாத வீட்டுக்குச் சுவீகாரம் வந்தவரும் அங்கே அதே வம்சம். ரத்த வழியைத் தேடுகிறவர் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

என்னைப் பெரிதும் வருத்துவது இரண்டுக்கும் பொதுவான ஒரு குறை. மரியாதை மகன் வழியே போவதால், திருவரங்கத்தில் பெண்கள் புகுந்த வீட்டோடு கணக்கிலிருந்து மறைந்தார்கள். ஆண்டாளின் பெயர் தெரிவதே ஆழ்வானின் பெருமையால். பழைய பதிவேடுகளிலோ, சிப்பாய்க்குப் பிள்ளை பெற்ற தமிழ்ப் பெண்ணின் பெயர் பல இடங்களில் இல்லை. உள்ளூர்ப் பெண் என்ற குறிப்போடு சரி. தகப்பனின் படைப்பிரிவு தெரிகிற அதே வரியில் தாயின் ஊர் தெரியாது. இது எழுதியவர்கள் செய்த அநீதி என்றே சொல்வேன்.

நாளை உறுதிப்படுத்தப் பதிவேடுதான் மேல். குடும்பம் எதற்காக வந்தது, எப்படி வேரூன்றியது என்று அறிய ஒழுகுதான் மேல். பாட்டியின் பிறந்த வீட்டை இரண்டும் சொல்லாது. திருவரங்கத்திலோ பொன்மலையிலோ மூத்த பெண்கள் இருக்கும் வீட்டார், அவர்கள் பிறந்த ஊரையும் தாய், தாயின் தாய் பெயர்களையும் இந்த வாரமே கேட்டு எழுதிவையுங்கள்.