டன்லப்பின் சக்கரமும் டு குரோவின் வாணிகமும்

ஒரு பொருளைக் கண்டுபிடிக்கும் ஆற்றல் வேறு. கண்டுபிடித்ததனை ஊரெங்கும் விலைபோகச் செய்யும் ஆற்றல் வேறு. இவ்விரண்டும் ஒருவரிடத்தே ஒருங்கு அமைதல் அரிது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர்க்கு இதனை விளக்க நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. அவர்தம் முன்னோர் பால்வெட்டிய மரத்தின் வரலாற்றிலேயே இதற்குச் சான்று உண்டு.

பதப்படுத்தாத இரப்பர் வெயிலில் இளகி ஒட்டும். குளிரில் விறைத்துப் பிளக்கும். இக்குறையைக் கந்தகமும் வெப்பமும் கொண்டு நீக்கும் வழியை 1839இல் கண்டவர் சார்லஸ் குட்இயர் என்னும் அமெரிக்கர். 1844இல் காப்புரிமையும் பெற்றார். ஆயினும் கடனுக்காகச் சிறை செல்வதும் உரிமைக்காக வழக்காடுவதுமே அவர் வாழ்க்கையாயின. 1860இல் பெருங்கடனை விட்டுவிட்டு அவர் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய புகழ்பெற்ற டயர் நிறுவனம், அவர் இறந்து 38 ஆண்டுகள் கழித்து, 1898இல், ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன் நகரில் பிராங்க் சைபர்லிங் என்பவரால் தொடங்கப்பெற்றது. அந்நிறுவனத்துக்கும் குட்இயர் குடும்பத்துக்கும் பெயரைத் தவிர வேறு தொடர்பு எதுவும் இல்லை.

குட்இயர் கண்டது ஒரு முறை. அதனை வணிகமாக்கும் துணை அவருக்கு வாய்க்கவில்லை. அத்துணை வாய்க்கப்பெற்ற இன்னொருவரின் வரலாறு இதனினும் சுவையானது.

ஜான் பாய்டு டன்லப் 1840இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டு நகரில் கால்நடை மருத்துவராகப் பெயர் பெற்றவர். பொறியியல் அவர் தொழிலன்று. அவருடைய மகன் ஒரு மூன்று சக்கர மிதிவண்டி வைத்திருந்தான். அக்காலத்துச் சக்கரங்களில் கெட்டி இரப்பர் வளையமே பூட்டப்பட்டிருக்கும். கல் பாவிய வீதிகளில் அவ்வண்டியை ஓட்டிய சிறுவனின் உடல் குலுங்கியது. தந்தை இதனைக் கருத்திற்கொண்டார்.

1887இன் பிற்பகுதியில் அவர் ஏறத்தாழ 16 அங்குல விட்டமுள்ள மரத்தட்டு ஒன்றை எடுத்தார். மெல்லிய இரப்பர்த் தாளைக் குழாயாக ஒட்டி, அதனைத் தட்டின் விளிம்பில் சுற்றி, மேலே துணியிட்டு ஆணி அறைந்தார். பந்துக்குக் காற்றடிக்கும் குழாயினாலே அதனுள் காற்றைச் செலுத்தினார். பின்னர், தம் மனை முற்றத்தில் அம்மரத்தட்டையும் மகன் வண்டியின் முன் சக்கரத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக உருட்டிவிட்டார். கெட்டி இரப்பர்ச் சக்கரம் பாதி வழியிலேயே தளர்ந்து சாய்ந்தது. காற்றடைத்த தட்டோ முற்றத்தைக் கடந்து எதிரே இருந்த கதவில் மோதித் திரும்பிற்று.

இதன் காரணம் எளியது. கெட்டிச் சக்கரம் கல்லில் ஏறும்போது வண்டி முழுவதையும் தூக்கி எறிகின்றது. அந்த எறிதலில் ஓட்டுபவனுடைய உழைப்பு வீணாகின்றது. காற்றடைத்த சக்கரமோ கல்லைத் தன்னுள் வாங்கிக்கொண்டு மேற்செல்கின்றது. மகனின் இடுப்புவலிக்கு மருந்து தேடியவர் விரைவுக்கு வழி கண்டுவிட்டார். 1888 ஜூலையில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஆண்டிறுதியில் அது கிடைத்தது.

இவ்வளவில் நின்றிருந்தால் பெல்ஃபாஸ்டு மிதிவண்டிக்காரர் சிலர் பயன்பெற்றிருப்பர், வேறொன்றும் நேர்ந்திராது. 1889 மே மாதத்தில் அந்நகரத்துக் கல்லூரித் திடலில் நடந்த மிதிவண்டிப் பந்தயத்தில் வில்லியம் ஹியூம் என்பவர் காற்றடைத்த சக்கரங்களோடு இறங்கினார். அவற்றின் பருத்த வடிவைக் கண்டோர் நகைத்தனர். பந்தயம் முடிந்தபோது நகைப்பு அடங்கிற்று, வெற்றி ஹியூமுக்கே.

அன்று தோற்றவர்களுள் டு குரோ என்னும் குடும்பத்து இளைஞர்களும் இருந்தனர். அவர்தம் தந்தை ஹார்வி டு குரோ டப்ளினில் காகித வணிகர். தாமும் விளையாட்டு வீரர். பிள்ளைகள் தோற்றதற்கு வருந்துவதை விடுத்து, எதனால் தோற்றனர் என்று அவர் ஆராய்ந்தார். வணிகக் கண் என்பது இதுவே. அவ்வாண்டு முடிவதற்குள் டப்ளினில் 25,000 பவுன் முதலீட்டில் ஒரு நிறுவனம் எழுந்தது. டன்லப் தம் காப்புரிமையை அதற்கு அளித்து இயக்குநருள் ஒருவரானார். தலைமை டு குரோவினது.

தொழிற்சாலையின் நாற்றம் தாளாது டப்ளினில் அக்கம்பக்கத்தார் முறையிட்டனர். சில ஆண்டுகளில் தொழில், மிதிவண்டித் தொழிலின் தலைநகராக விளங்கிய இங்கிலாந்தின் காவன்ட்ரிக்கு இடம்பெயர்ந்தது. அயர்லாந்து ஒரு பெருந்தொழிலை இழந்தது; நிறுவனமோ வாடிக்கையாளர் அருகே சென்று சேர்ந்தது.

பேரிடி 1890இல் வந்தது. டன்லப்பின் காப்புரிமை செல்லாது என்று தெரியவந்தது. காரணம், ராபர்ட் வில்லியம் தாம்சன் என்னும் மற்றொரு ஸ்காட்லாந்தியர் 1845இலேயே இதே கருத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். 1847இல் இலண்டன் ரீஜண்ட்ஸ் பூங்காவில் அத்தகைய சக்கரங்கள் பூட்டிய குதிரை வண்டியை அவர் ஓட்டியும் காட்டியிருந்தார். அங்ஙனமாயின் அவர் ஏன் நிலைபெறவில்லை? அன்று மிதிவண்டி என்பது இல்லை. தன் காலால் மிதித்துக் களைப்பவனே சக்கரத்தின் இலேசான ஓட்டத்தை உணர்வான். குதிரையின் களைப்பைப் பற்றி வண்டியில் அமர்ந்திருக்கும் சீமானுக்கு என்ன கவலை? தாம்சன் நாற்பதாண்டு முந்திவிட்டார். பின்னர் அவர் ஜாவாவுக்குச் சென்று சர்க்கரை ஆலை எந்திரங்களில் உழைத்தார். அவர் 1873இல் மறைந்தார். அறிவுக்கு முதலிடம் தருவதானால் மாலை அவர் கழுத்திற்கே உரியது.

கையிலிருந்த ஒரே உரிமை பறிபோன நிலையில் டு குரோ செய்தது யாது? கடையைக் கட்டவில்லை. முதற் டயரில் இருந்த ஒரு பெருங்குறையை அவர் நன்கறிந்திருந்தார். அது சக்கரத்தோடு ஒட்டப்பட்டிருந்தது. முள் குத்தினால் பிரித்தெடுத்து ஒட்டு வைப்பது பெரும்பாடு. பயிற்சியுடைய தொழிலாளியே அதற்கு வேண்டும். அதே 1890இல் சார்லஸ் வெல்ச் என்பவர், டயரின் இரு ஓரங்களிலும் நீளாத கம்பி வளையம் பொருத்தி, நடுவே பள்ளமுள்ள சக்கர விளிம்பில் அதனை இருத்தும் வழியைக் கண்டார். வேண்டும்போது கழற்றலாம்; மீண்டும் மாட்டலாம். டு குரோ வெல்ச்சின் உரிமையை வாங்கினார். காற்று அடிக்கவும் அடைக்கவும் எளிதான உட்ஸ் வால்வும் அக்காலத்திலேயே வந்தது. ஆக, செல்லாத காப்புரிமை ஒன்றின்மேல் எழுந்த நிறுவனம், பிறர் கண்ட செல்லுபடியாகும் உரிமைகளால் நிலைபெற்றது. டன்லப்பினுடையதாக எஞ்சியது பெரும்பாலும் பெயர்தான். ஆனால் அப்பெயரையே மக்கள் கேட்டு வாங்கினர்.

1895இல் டன்லப் நிறுவனத்தை விட்டு விலகினார். மறு ஆண்டே எர்னஸ்ட் டெரா ஹூலி என்னும் நிதிச் சூதர் (அவரை வேறு எப்பெயரால் அழைப்பது?) நிறுவனத்தை 30 இலட்சம் பவுனுக்கு வாங்கி, 50 இலட்சம் பவுனுக்குப் பொதுமக்களிடம் பங்குகளாக விற்றார். 25,000 பவுனில் தொடங்கியது ஏழாண்டில் அடைந்த வளர்ச்சி அது. அதில் மிதிவண்டி மோகத்தின் பங்கு எவ்வளவு, சரக்கின் பங்கு எவ்வளவு என்பதை வாங்கியோர் பின்னரே உணர்ந்தனர்.

அதே 1896ஆம் ஆண்டில் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் என்னும் சீன வணிகர் மலாயாவின் முதல் இரப்பர்த் தோட்டத்தைத் தொடங்கினார். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் தலைமையை ரிட்லி ஏற்றது, டன்லப் காப்புரிமை பெற்ற 1888இலேதான். ரிட்லி இரப்பர் விதைகளைச் சட்டைப்பையில் நிறைத்துக்கொண்டு தோட்டக்காரர்களிடம் மன்றாடியபோது அவரைப் பித்தர் என்றவர் பலர். டயரின் பசியோ வளர்ந்துகொண்டே வந்தது. அப்பசிக்கு முதலில் இரையானோர் அமேசான் காடுகளின் பழங்குடியினரும் காங்கோ மக்களும். மோட்டார் வண்டியும் வந்து சேர, 1910இல் இலண்டனில் ஒரு இராத்தல் இரப்பரின் விலை 12 ஷில்லிங்கைத் தாண்டிற்று. அக்காலத்தை ஒட்டி டன்லப் நிறுவனம் மலாயாவில் தனக்கெனத் தோட்டங்களை வாங்கத் தொடங்கியது. மலாயாத் தோட்டங்களை நிரப்பத் தமிழகத்தினின்று ஆள் கொணர 1907இல் தனி நிதியே ஏற்படுத்தப்பட்டது. கங்காணிகள் ஊர் ஊராகச் சென்றனர். பெல்ஃபாஸ்டு முற்றத்தில் உருண்ட மரத்தட்டு, தஞ்சைக் குடியானவனையும் சேலத்துக் கூலியாளையும் கடல் கடக்கச் செய்த காரணங்களுள் ஒன்றாயிற்று. நிறுவன வரலாறுகளில் கண்டுபிடித்தவர்க்கு ஒரு பக்கமும் முதலிட்டவர்க்குப் பல பக்கமும் உண்டு. விடியலில் கத்தியும் வாளியும் ஏந்தியவர்க்கு ஒரு வரி கிடைப்பதும் அரிது.

டன்லப் தம் முதுமையை டப்ளினில் கழித்தார். துணி வணிக நிறுவனம் ஒன்றில் அவருக்குத் தொடர்பு இருந்தது. டயரினால் பிறர் ஈட்டிய பெருஞ்செல்வம் அவருக்குக் கிட்டவில்லை. அதற்காக அவர் பெரிதும் புலம்பியதாகவும் தெரியவில்லை. வேறொன்று அவரைச் சுட்டது. நிறுவனம் தன் விளம்பரங்களில் அவருடைய தாடி முகத்தை எடுத்து, உயர்ந்த வெள்ளைத் தொப்பியும் கைத்தடியும் ஒற்றைக் கண்ணாடியும் உடைய பகட்டான ஆடவன் ஒருவனின் உடலில் பொருத்தி வெளியிட்டது. எளிய கோலத்தவரான அக்கிழவர் இதனைப் பொறாது வழக்குத் தொடுத்தார். அயர்லாந்து நீதிமன்றம் அதனை விசாரிக்கலாமா என்னும் வினா இலண்டன் பிரபுக்கள் சபை வரை சென்றது. தீர்ப்பு டன்லப்புக்குச் சார்பாயிற்று.

1921 அக்டோபரில் அவர் மறைந்தார். அவ்வேளையில் நிறுவனம் பெரும் இழப்பில் தத்தளித்தது. ஹார்வி டு குரோ 1918இலேயே இறந்துவிட்டிருந்தார். அவர் குடும்பத்தாரும் நிர்வாகத்தினின்று வெளியேற நேர்ந்தது. புதிய தலைமையின்கீழ் நிறுவனம் மீண்டெழுந்து, 1985இல் வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறியது. டயர்களின்மேல் டன்லப் என்னும் பெயர் மட்டும் மாற்றப்படவில்லை.